போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் முதலில் மணியைப் பாருங்கள்

தாராவியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். அம்மா அழுவாள், அப்பா சங்கத் தலைவர் வீட்டுக்கு ஓடுவார், தலைவர் ஒரு கட்சிக்காரருக்குப் போன் போடுவார், கட்சிக்காரர் "காலையில பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார். காலையில் பையன் கோர்ட் வராந்தாவில் நிற்பான். இடையில் போன அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில், அரசியல் சட்டம் 20, 21, 22-வது பிரிவுகளில் அவனுக்குக் கொடுத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டு, கேட்பாரில்லை என்று திரும்பிப் போயிருக்கும்.

நான் வக்கீல் இல்லை. 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மராத்தி வாசிப்பேன் என்பதால் இந்த மாதிரி நேரத்தில் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் போய்த் தெரிந்துகொண்டதும், அப்புறம் தீர்ப்புகளைத் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டதும்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல் கிடைத்த நிமிஷமே இதை மூடி வைத்துவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் வேலை மணி பார்ப்பது. அடுத்தது, ஒரே ஒரு கேள்வி கேட்பது: "சாகேப், அடக் ஆஹே கீ நோட்டீஸ் ஆஹே?" கைதா, நோட்டீஸா என்று அர்த்தம். "சும்மா விசாரிக்கணும், வா" என்பதுதான் வழக்கமாக வரும் பதில், ஆனால் சட்டத்தில் சும்மா என்று ஒன்று கிடையாது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் பிரிவு 35 இருக்கிறது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றமென்றால் கைது செய்தே ஆக வேண்டியதில்லை, இன்ன தேதியில் வா என்று 35(3)-ன் கீழ் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால் போதும். அதையும் மீறிக் கைது செய்தால் ஏன் தேவைப்பட்டது என்று போலீஸ் எழுதி வைக்க வேண்டும், 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட போடு இது. அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025-ல் மறுபடியும் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒன்று, முறையாக நோட்டீஸ் வந்தால் போய் நில்லுங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

சாட்சியாக மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால் பெண்கள், 15 வயதுக்குக் கீழ் உள்ள பையன்கள், 60 வயதைத் தாண்டியவர்கள் யாரும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். இதைச் சொன்னால் நிறைய பேர் நம்புவதே இல்லை, பிரிவு 179-ஐக் காட்டுங்கள்.

சரி, கைதுதான் என்று வைத்துக்கொள்வோம். மணியை ஏன் பார்க்கச் சொன்னேன் என்றால், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. பயண நேரம் மட்டும் கழியும். சிக்கல் எங்கே என்றால், ராத்திரி 9.40-க்குக் கூட்டிப்போன ஆளை மறுநாள் மதியம் 2 மணிக்குக் 'கைது காட்டுவார்கள்'. காகிதத்தில் 2 மணிதான் இருக்கும். அதுவரைக்கும் அவன் என்னவாக இருந்தான்? விருந்தாளியாகவா? 1990-ல் நம் பம்பாய் உயர் நீதிமன்றமே ஒரு சுங்கத் துறை வழக்கில் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: அதிகாரி டயரியில் எழுதிய நேரம் கணக்கில்லை, ஆளின் நடமாட்டத்தை எப்போது தடுத்தார்களோ அப்போதே கைது தொடங்கிவிட்டது. இருந்தாலும் எல்லா நேரமும் இந்த வாதம் எடுபடுவதில்லை. தானாகத்தான் வந்தார், விருப்பத்தோடுதான் உட்கார்ந்திருந்தார் என்று எதிர்த் தரப்பு சொல்லும், சில வழக்குகளில் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொள்ளும். 2024-ல் அமலாக்கத் துறை ஒரு 64 வயதுக்காரரை நள்ளிரவு தாண்டியும் உட்காரவைத்து வாக்குமூலம் வாங்கிய வழக்கு இங்கே வந்தது. கைது செல்லாது என்ற அவருடைய வாதத்தை ஏற்கவில்லை, ஆனால் தூக்கம் மனிதனின் அடிப்படைத் தேவை, அதைப் பறிக்கக் கூடாது என்று கண்டித்து, விசாரணை நேரத்துக்கு விதி போடச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் வாசலில் நடந்ததை அந்த நிமிஷமே யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "9.40, வீட்டு வாசல், இரண்டு பேர் யூனிபார்ம், ஒருத்தர் சாதா சட்டை, வண்டி நம்பர் இது." இவ்வளவுதான். நேரம் தானாகவே பதிந்துவிடும், நாளைக்கு யாரும் மாற்ற முடியாது. ஸ்டேஷன்களில் கேமரா வைத்துப் பதிவைக் குறைந்தது ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது, வக்கீல் வந்ததும் அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மனு கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நம்மவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

எங்கள் சந்தில் ஓர் அக்காவின் தம்பி, 22 வயசு, ஊரிலிருந்து வந்து எட்டு மாசம், தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை. ஓர் அடிதடி வழக்கில் அவனையும் சேர்த்துக் கூட்டிப்போனார்கள். நான் போய்ச் சேரும்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், விரலில் மசி. "என்னடா கையெழுத்துப் போட்ட?" என்றேன். "நாலு இடத்துல அண்ணே, எங்கன்னு விரல வச்சுக் காட்டுனாங்க" என்றான். கெஞ்சிக் கேட்டு நகலை வாங்கிப் பார்த்தேன். மேலே 'அட்கேசி காரணே' என்று தலைப்பு, கைதுக்கான காரணங்கள். கீழே பிரிவு எண்கள் வரிசையாக. அதற்கும் கீழே ஏற்கெனவே அச்சடித்த ஒரு வரி: மேற்படி காரணங்கள் எனக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டன. அந்த வரிக்கு நேர் கீழே அவன் தமிழில் போட்ட கையெழுத்து. மராத்தியில் அவனுக்குத் தெரிந்தது 'காய் ஜாலா' (என்ன ஆச்சு) ஒன்றுதான்.

கைது செய்யும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22(1)-ல் முதலிலிருந்தே இருக்கிறது. எழுத்தில் கொடுக்க வேண்டுமா, எந்த மொழியில் என்பதில்தான் இத்தனை வருஷமாக இழுபறி. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சல் வழக்கில், பணமோசடிச் சட்டக் கைதுகளுக்கு எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் அதை ஊபா (UAPA) என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் நீட்டினார்கள். எந்தக் கைதுக்கும் பொருந்துகிற மாதிரி 'தப்பிக்காமல் இருக்க, சாட்சியைக் கலைக்காமல் இருக்க' என்று எழுதுவது காரணம் ஆகாது, இந்த ஆள் செய்ததாகச் சொல்லப்படுவது என்ன என்பது அதில் இருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான் வந்தது. 2025 ஆகஸ்டில் கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனை ரத்து செய்த தீர்ப்பில் காற்று கொஞ்சம் மாறி வீசியது: எழுத்தில் தரவில்லை என்பதால் மட்டுமே கைது கெட்டுவிடாது, அதனால் பாதிப்பு என்ன என்று காட்ட வேண்டும் என்றார்கள். மூன்று மாசம்கூட ஆகவில்லை, 2025 நவம்பர் 6-ல் மிஹிர் ராஜேஷ் ஷா எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கில், நம் வர்ளியில் நடந்த கார் விபத்திலிருந்து போன வழக்கு அது, எந்தச் சட்டத்தின் கீழ் எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று தீர்த்துச் சொன்னார்கள். உடனே முடியாத சூழ்நிலை என்றால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. அதற்காகக் கேஸே போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், பிறகு ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி ரிமாண்ட் கேட்கப் போலீசுக்கு வழி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இதில் ரொம்ப முக்கியமானது அந்த 'புரியும் மொழி'. இது புதிதாக முளைத்ததும் இல்லை. 1962-லேயே ஹரிகிசன் வழக்கில், தடுப்புக் காவல் உத்தரவை ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டுப் போலீஸ் வாயால் விளக்கிச் சொன்னது போதாது என்று அரசியல் சாசன அமர்வு அந்தக் காவலையே ரத்து செய்தது, அதுவும் இதே மகாராஷ்டிரத்தில். 1983-ல் ஷீலா பார்சே வழக்கில் லாக்கப் ஒவ்வொன்றிலும் கைதானவரின் உரிமைகளை அச்சடித்து ஒட்டச் சொன்னார்கள், மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தாராவி, மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் என்று தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், சுவரில் நமக்கு ஒரு வரி கிடையாது.

ஆகவே செய்ய வேண்டியது: கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் "தமிழ்ல குடுங்க, வாசிச்சுட்டுப் போடுறேன்" என்று கேளுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்பார்கள், செல்போனிலேயே மொழிபெயர்ப்பு வருகிற காலத்தில் அது ஒரு சாக்கு. வற்புறுத்தினால் சண்டை போடாதீர்கள், கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே "மராத்தி வாசிக்கத் தெரியாது, தமிழ் நகல் தரவில்லை" என்று எழுதி, மணியும் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர்கள் பாடுதான் கஷ்டம், அவர்கள் கோர்ட்டில் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.

இங்கேயே ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பிறந்து, மாநகராட்சிப் பள்ளியில் மராத்தியை ஒரு பாடமாகப் படித்துப் பாஸ் பண்ணிய பையன் "எனக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்" என்று சொன்னால் மாஜிஸ்திரேட் சிரிப்பார். பொய் சொல்லாதீர்கள். இந்தி பேசத் தெரியும், ஆனால் மராத்தியில் சட்டக் காகிதம் வாசித்துப் புரியாது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள். அது உண்மை, அதிலேயே பலம் இருக்கிறது.

ஒரு சின்னக் கிளைக் கதை. இந்த 22-வது பிரிவு முதல் வரைவில் இல்லவே இல்லை. 21-வது பிரிவாக இப்போது இருப்பதிலிருந்து 'டியூ பிராசஸ்', அதாவது நியாயமான நடைமுறை, என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள், சட்டம் இயற்றினால் போதும் யாரையும் பிடித்து உள்ளே போடலாம் என்ற நிலை வந்துவிடுமே என்று எதிர்ப்புக் கிளம்பியது. 1949 செப்டம்பரில் அம்பேத்கர் இந்தப் பிரிவைக் கொண்டுவந்து, அங்கே விட்டுப்போனதற்கு ஈடாக இதை வைக்கிறோம் என்கிற அர்த்தத்தில் பேசினார். அவர் வாழ்ந்த ராஜ்கிருஹா நம் தாதரில்தான் இருக்கிறது, தாராவியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்.

வீட்டுக்குத் தகவல் சொல்வது போலீசின் கடமை, நாம் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகை இல்லை. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் விதிகளாகப் போட்டதெல்லாம் இப்போது சட்டத்திலேயே ஏறிவிட்டது: கைது மெமோ, அதில் குடும்பத்தார் அல்லது தெருவில் ஒருவர் சாட்சிக் கையெழுத்து, பெயர்ப் பட்டையோடு அதிகாரி, விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கும் உரிமை, மருத்துவப் பரிசோதனை. பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது அடி விழுந்திருந்தால் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் காகிதத்தில் காயம் இல்லை.

பெண்களைச் சூரியன் மறைந்து விடிவதற்குள் கைது செய்யக் கூடாது. அசாதாரண சூழ்நிலை என்றால் பெண் அதிகாரி எழுதிக் கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் இதை மீறினால் கைதே செல்லாதா என்பதில் கருத்து ஒன்றாக இல்லை, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இது வழிகாட்டும் விதிதான், மீறினாலே கைது செல்லாது என்று ஆகிவிடாது என்றது. என்னைக் கேட்டால், மீறினாலும் ஒன்றும் ஆகாது என்றால் அதை விதி என்று சொல்வதே வீண்.

இப்போதெல்லாம் ஆளுக்கு முன்னால் போனைத்தான் பிடுங்குகிறார்கள். "பாஸ்வேர்ட் சொல்லு." சொல்ல வேண்டுமா? தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 20(3). 1961-ல் பதினோரு நீதிபதிகள் உட்கார்ந்து, கைரேகையும் கையெழுத்து மாதிரியும் கொடுப்பது சாட்சி சொல்வது ஆகாது என்றார்கள். 2010-ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், மனசுக்குள் இருப்பதை மருந்து போட்டு வெளியே எடுக்கும் நார்கோ சோதனையைச் சம்மதமில்லாமல் செய்யக் கூடாது என்றார்கள். பாஸ்வேர்ட் இதில் எந்தப் பக்கம்? விரலில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா? 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அது கைரேகை மாதிரிதான் என்றது, மறு வருஷம் டெல்லியில் ஒரு சிபிஐ சிறப்பு நீதிமன்றம், இல்லை, அது மூளைக்குள் இருக்கும் சங்கதி, சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. நம் பட்டறைப் பையன்கள் விரல் வைத்துத் திறக்கிற லாக்கைத்தான் வைத்திருக்கிறார்கள், பிடித்து வைத்தால் திறந்துவிடும். நான் சொல்வது இதுதான்: லாக்கை நம்பர் போட்டுத் திறக்கிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள், கேட்டால் "வக்கீல்ட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள், போனை உடைப்பது, உள்ளே இருப்பதை அழிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், அது தனி வழக்காகிவிடும். போனை எடுத்துக்கொண்டால் பஞ்சநாமாவின், அதாவது சாட்சிகள் முன்னால் எழுதும் கைப்பற்றல் குறிப்பின், நகல் வாங்குங்கள். கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டத்தின் 105-வது பிரிவு சொல்கிறது, எடுத்தார்களா என்பதை வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.

கோர்ட்டுக்கு வருவோம். போலீஸ் கஸ்டடி கேட்கிறார்களென்றால் முதல் தடவை ஆளை நேரில் நிறுத்தியே ஆக வேண்டும், வீடியோவில் காட்டிவிட்டுப் போக முடியாது. இங்கே பி.சி.ஆர்., எம்.சி.ஆர். என்று இரண்டு சொல் காதில் விழும். முன்னது திரும்பப் போலீஸ் லாக்கப், பின்னது ஜெயில், பின்னது வந்தால்தான் ஜாமீன் பேச்சு சூடு பிடிக்கும். போலீஸ் கஸ்டடி மொத்தம் 15 நாள்தான், ஆனால் அது முதல் 15 நாளுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று 1992-லிருந்து இருந்த வழக்கத்தைச் செந்தில் பாலாஜி வழக்கில் 2023-ல் கேள்வி கேட்டார்கள். புதுச் சட்டமோ குற்றத்தைப் பொறுத்து 40 அல்லது 60 நாளுக்குள் துண்டு துண்டாகவும் எடுக்கலாம் என்று எழுதியே விட்டது. ஜெயிலுக்குப் போய்விட்டான், இனி அடி விழாது என்று நிம்மதியாக இருந்த குடும்பங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100-க்குப் போன் பண்ணுங்கள், காவலில் இருப்பவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வக்கீல் வேண்டுமா என்று முதல் நாளே மாஜிஸ்திரேட் கேட்டாக வேண்டும், 2012-ல் மும்பைத் தாக்குதல் குற்றவாளி கசாப் வழக்கிலேயே சொன்னது. கசாபுக்கே கொடுத்ததை உங்கள் பையனுக்கு இல்லை என்பார்களா?

'சாப்டர் கேஸ்', 'தடிபார்' இதெல்லாம் வேறு கதை. அங்கே குற்றத்துக்குத் தண்டனை இல்லை, இனிமேல் செய்துவிடுவாய் என்ற சந்தேகத்துக்கு ஜாமீன் பத்திரம், ஊரை விட்டு வெளியேற்றம். தடுப்புக் காவல் என்றால் மேலே சொன்ன 24 மணி நேரக் கணக்கே கிடையாது, 22(3)-லேயே விலக்கு இருக்கிறது. அதற்கெல்லாம் நேராக வக்கீலிடம் போங்கள்.

அந்த அக்காவின் தம்பிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். இலவச வக்கீல் நல்லவர், இளம் பெண், காகிதம் மராத்தியில் இருக்கிறது, பையனுக்குத் தெரியாது என்று எழுந்து சொன்னார். மாஜிஸ்திரேட் நேராக அவனைப் பார்த்து இந்தியில், புரிந்ததா என்று கேட்டார். அவன் பயத்தில், நாம் வழக்கமாக ஆட்டுகிற மாதிரி, தலையை ஆட்டினான். ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். மூன்று நாள் பி.சி.ஆர்., அப்புறம் ஜெயில், பன்னிரண்டாவது நாள் ஜாமீன்.

போன வாரம் அக்கா கடைக்கு வந்து, "அண்ணே, கதவுக்குப் பின்னாடி ஒட்டுற மாதிரி சுருக்கமா ஒண்ணு அடிச்சுக் குடுங்க" என்றாள். லேமினேட் பண்ணிக் கொடுத்தேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

மணி, வண்டி நம்பர், வாட்ஸ்அப்.
அடக் ஆஹே கீ நோட்டீஸ் ஆஹே?
காரணம் எழுத்தில், தமிழில். இல்லையென்றால் கையெழுத்துக்கு மேலே எழுது.
15100.
கோர்ட்டில் தலையை ஆட்டாதே, வாயால் சொல்.